உரசுவதற்கு முன் வாசியுங்கள்: பழைய மோட்டார் சைக்கிளின் மேற்பூச்சு சொல்லும் வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடி வாங்கித் திருத்தும் ஆசை எங்கள் பிள்ளைகளிடம் இப்போது கூடியிருக்கிறது. தீவகத்தில் ஏதோ ஒரு கொட்டிலுக்குள் பி.எஸ்.ஏ. ஒன்று கிடக்கிறதாம், அல்லைப்பிட்டியில் ஒரு வளவில் பழைய ஹொண்டா ஒன்று சாய்ந்து நிற்கிறதாம் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே பண்ணைப் பாலத்தால் புறப்பட்டு விடுகிறார்கள். வாங்கி வந்ததும் செய்கிற முதல் வேலை, இரும்பு தெரியும் வரைக்கும் எல்லாவற்றையும் உரசி எடுப்பது. அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்து, "சேர், இதை எங்கே குடுத்துக் குரோம் அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உரசி எடுத்தீர்களே, அந்தப் பூச்சு என்ன பூச்சு? யார், எப்போது, எதற்காகப் பூசியது? ஒரு பழைய வண்டியின் வரலாறு எஞ்சினுக்குள் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு அதன் மேற்தோலிலும் இருக்கிறது. எஞ்சினைக் கழற்றினால் திரும்பப் பூட்டலாம். உரசிய தோலைத் திரும்ப ஒட்ட முடியாது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

உப்புக்காற்றின் கணக்கு

யாழ்ப்பாண நகரத்தை விட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் பரவைக்கடல். மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டி. வேலணைத் தீவின் கிழக்கு அந்தம் அது. அங்கே சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும், வருகிற காற்று தண்ணீருக்கு மேலால் வந்த காற்றுத்தான்.

இரும்பில் கறள் பிடிக்க ஈரமும் ஒட்சிசனும் வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். உப்பு செய்கிற வேலை வேறு. உப்புக் கலந்த ஈரம் மின்னை நன்றாகக் கடத்தும். கறள் பிடித்தல் என்பதே இரும்பின் மேல் நடக்கும் ஒரு சின்ன மின்கலத்தின் வேலை என்பதால், உப்பு அந்தக் கலத்தை வேகமாக ஓட்டுகிறது. அதோடு உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வளியின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண கறியுப்பே கசிந்து நீராகத் தொடங்கிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருப்பதால் அது அதற்கு முன்பே கசியும். மழை பெய்யாத நாளிலும் தீவில் நிற்கும் வண்டி நனைந்தே நிற்கிறது என்பது இதன் பொருள்.

கழுவினால் போகும் என்று நினைத்து, சவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பு. நல்ல தண்ணீர் எல்லா வளவிலும் கிடையாது. ஆகவே தீவில் இரும்பைக் காப்பாற்ற ஒரு வழிதான் மிச்சம்: அதன் மேல் காற்றும் ஈரமும் நுழையாத ஒரு பூச்சு.

பூச்சு என்றால் எவ்வளவு காலம் நிற்கும்? அதற்கு அல்லைப்பிட்டியே ஒரு விடை வைத்திருக்கிறது. 1970களின் இறுதியில் ஜோன் காஸ்வெல் என்ற பிரித்தானிய ஆய்வாளர் அங்கே சீன மட்பாண்டத் துண்டுகளை அடையாளம் கண்டார். 2018 இல் சங்காய் நூதனசாலையின் தொல்லியலாளர்கள் வந்து எங்கள் நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்கே அகழ்ந்தார்கள். சொங் அரசர்களின் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கமுமான காலத்துப் பாண்டங்கள் அவை. சீனாவின் தென்கரையிலிருந்து கப்பலில் வந்தவை. ஏறத்தாழ 900 வருடம் இந்த உப்பு மணலுக்குள் கிடந்தும் அவற்றின் மேலிருந்த கண்ணாடிப் பூச்சு பிழைத்திருக்கிறது. அந்தத் துண்டுகளின் காலத்தையும் அவை சுடப்பட்ட ஊர்களையும் ஆய்வாளர்கள் அறிந்துகொள்ள அந்தப் பூச்சே பெரிய உதவி. அதையும் யாராவது "அழுக்கு" என்று உரசியிருந்தால், வெறும் ஓட்டுத் துண்டு என்றுதான் மிஞ்சியிருக்கும்.

கலாயும் முலாமும்

இரும்புக்கும் செம்புக்கும் கண்ணாடிப் பூச்சு எளிதில் நிற்காது. அவற்றுக்கு உலோகத்தின் மேல் உலோகம் பூசுகிற வழியைத்தான் மனிதர் முதலில் கண்டார்கள். எங்கள் வாப்பா உம்மா காலத்தில் பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசுகிறவர் தெருவால் வருவார். கரி அடுப்பு, துருத்தி, கொஞ்சம் நவச்சாரம், வெள்ளீயக் கட்டி, பஞ்சு. சட்டியை மினுக்கி, சூடாக்கி, நவச்சாரம் தூவுவார். வெள்ளைப் புகை எழும்பும். அந்தப் புகையோடு செம்பின் மேலிருந்த ஒட்சைட்டுப் படலம் போய்விடும். உடனே ஈயத்தை உருக்கிப் பஞ்சால் இழுத்தால் சட்டியின் உட்புறம் நிலாப் போல வெளுக்கும்.

இந்த வேலைக்கு இந்தியத் தமிழில் கலாய் பூசுதல் என்று பெயர். உருது வழியாக வந்த சொல் அது. அதன் அடி வெள்ளீயத்தைக் குறிக்கும் அரபுச் சொல். மலாயாத் தீபகற்பத்தில் அரபு மாலுமிகள் 'கலஹ்' என்று அழைத்த துறைமுகத்தோடு அறிஞர்கள் அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். நாங்கள் இன்று சாதாரணமாகச் சொல்லும் 'முலாம்' என்ற சொல்லும் அப்படித்தான். மினுங்கச் செய்தது என்ற பொருளுள்ள அரபுச் சொல் பாரசீகமும் உருதும் தாண்டித் தமிழுக்கு வந்து, நகைக்கடையில் இருந்து மோட்டார் சைக்கிள் கராஜ் வரைக்கும் போய்விட்டது.

ஈயம் பூசுகிறவர் செய்த மூன்று வேலையைக் கவனியுங்கள். முதலில் சுத்தம். பிறகு ஒட்டுவதற்கு வழி. பிறகு மூடல். இன்றைக்கு எவ்வளவு பெரிய தொழிற்சாலை என்றாலும் மேற்பூச்சு என்பது இந்த மூன்றுதான். சுத்தம் பிழைத்தால் மற்ற இரண்டும் பிழைக்கும்.

ஊசி செய்த ஊரும் துப்பாக்கி செய்த ஊரும்

1800 இல் இத்தாலியில் வோல்ட்டா மின்கலத்தைச் செய்தார். ஐந்து வருடத்துக்குள், 1805 இல், அவருடைய நண்பர் புருக்னாத்தெல்லி அந்த மின்சாரத்தைக் கொண்டு வெள்ளியின் மேல் பொன் படியவைத்தார். 1830களில் பரடே, எவ்வளவு மின் பாய்கிறதோ அவ்வளவுக்கு உலோகம் படியும் என்ற விதியைச் சொன்னார். 1840 இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அன்றிலிருந்து பேர்மிங்காம் முலாம் பூசும் நகரமானது.

எங்கள் தெருக்களில் ஓடிய பழைய வண்டிகளின் பெயர்கள் அந்த நகரத்தையும் அதன் அயலையும் சேர்ந்தவை. பி.எஸ்.ஏ. என்றால் பேர்மிங்காம் சிறு ஆயுதக் கம்பனி. 1861 இல் துப்பாக்கி செய்யத் தொடங்கி, சைக்கிளுக்கு வந்து, 1910 இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. றோயல் என்பீல்டு, ஊசி செய்வதற்குப் பெயர்போன ரெடிச் என்ற சிறு நகரத்தில், 1901 இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. ட்ரையம்ப், கொவென்றியில் 1902 இல். துப்பாக்கியும் ஊசியும் கறள் பிடிக்கக் கூடாத சாமான்கள். அந்தக் கைப்பழக்கம்தான் வண்டிக்கும் வந்தது.

அந்த வண்டிகளின் கறுப்பு நிறத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. சீனத்திலும் யப்பானிலும் மரத்தின் பாலை எடுத்துப் பூசிச் செய்த பளபளப்பான பெட்டிகளைக் கண்டு ஆசைப்பட்ட ஐரோப்பியர், அந்தப் பால் தங்கள் நாட்டில் இல்லாததால் வேறு கலவைகளைத் தேடினார்கள். நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து பூசிச் சூளையில் வேகவைப்பது அவற்றுள் ஒன்று. அதற்கு 'யப்பான் கறுப்பு' என்றே பெயர் வைத்தார்கள். பேர்மிங்காம் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் பூசிய இந்தக் கறுப்பு, பிறகு சைக்கிள் சட்டத்துக்கும் மோட்டார் சைக்கிள் சட்டத்துக்கும் வந்தது. சூளையில் வெந்த கறுப்பு என்பதால்தான் அது இன்றைய தூவல் பெயின்றைப் போல உரிந்து வராமல், இரும்போடு இறுகிக் கிடக்கிறது. பழைய சட்டத்தை உரசும்போது கை வலிக்கிறது என்றால் அது அசல் கறுப்பாக இருக்கக்கூடும். அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

நிக்கல், குரோம், பிறகு ஒரு யுத்தம்

1920களின் இறுதி வரைக்கும் வண்டிகளின் மினுங்கும் பாகங்கள் நிக்கல் முலாம் பூசியவை. நிக்கலின் மினுக்கம் கொஞ்சம் மஞ்சள் சாடையானது, மென்மையானது. நாளாக மங்கும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும்.

1924 இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொலின் பிங்க் என்பவரின் கூட்டத்தார் குரோமிய முலாமைத் தொழிலுக்கு ஏற்ற முறையில் செய்து காட்டினார்கள். சில வருடங்களில் அது கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பரவியது. குரோம் நீலச் சாடையான வெள்ளை. கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். மங்காது. 1920களின் தொடக்கத்து வண்டி ஒன்றுக்கு நீங்கள் குரோம் அடித்தால், கண் தெரிந்தவர் தூரத்திலேயே சொல்லிவிடுவார், "இது அந்தக் காலத்து வெளிச்சம் இல்லை" என்று.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று. கறளைத் தடுப்பது பெரும்பாலும் குரோம் இல்லை. மேலே தெரியும் குரோம் படலத்தின் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றரில் பாதிக்கும் குறைவு. அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் உண்டு. அதற்குக் கீழே 10 முதல் 30 மைக்ரோமீற்றர் வரை இருக்கும் நிக்கலே உண்மையான கவசம். நல்ல வேலையில் அதற்கும் கீழே செம்பு இருக்கும். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். நிக்கலை மெலிதாக விட்டு மேலே குரோம் காட்டிக் கொடுக்கும் கடைகளின் வேலை, தீவகத்தில் ஒரு சோளகத்தையே தாண்டாமல் புள்ளி புள்ளியாகக் கறள் கக்குவது இதனால்தான்.

இனி யுத்தத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் பி.எஸ்.ஏ. கம்பனி எம் 20 என்ற வண்டியை இராணுவத்துக்காக ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது. மினுங்குவது எதிரிக்குக் காட்டிக் கொடுக்கும் என்பதால் அவற்றில் குரோம் இல்லை, மங்கிய காக்கி நிறம்தான். போர் முடிந்து அவற்றில் பல பொதுமக்கள் கைக்கு வந்து, கறுப்பும் சிவப்பும் பூசிக்கொண்டன. கறுப்புக்குக் கீழே காக்கி தெரிந்தால் அது அந்த வண்டியின் சேவைப் பத்திரம்.

1950 இல் கொரிய யுத்தம் வந்தது. நிக்கலை ஆயுத உற்பத்தி இழுத்துக்கொண்டது. 1951, 52 அளவில் பிரித்தானியக் கம்பனிகள் பல, குரோம் அடிக்க வேண்டிய தாங்கிக்கும் றிம்முக்கும் வெள்ளிநிறப் பெயின்ற் அடித்து விற்றன. அந்த வருடத்து வண்டி ஒன்றை வாங்கிய நம் பிள்ளை, "சீ, ஆரோ மலிவாய் சில்வர் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறான்" என்று உரசிப்போட்டு, அதற்குக் குரோம் அடிக்கிறான். அவன் உரசியது மலிவு வேலையை இல்லை. கொரியாவில் நடந்த ஒரு யுத்தம் பேர்மிங்காம் தொழிற்சாலையைத் தொட்ட அடையாளத்தை.

எங்களுக்குக் கிட்டவும் ஒரு கதை உண்டு. 1955 இல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பனி தொடங்கித் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கினார்கள். அதுவும் கடற்கரை ஊர். அந்தத் தாங்கியின் பொன் கோடுகளை அச்சால் ஒட்டாமல் தூரிகை பிடித்துக் கையாலேயே பல வருடங்களாக இழுத்துவந்தார்கள். ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் அந்தக் கைவேலை சென்னையில் தொடர்ந்தது. கையால் இழுத்த கோட்டில் தொடக்கத்திலும் முடிவிலும் தடிப்பு மெல்ல மாறும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் தெரியும். அதற்கு மேல் ஸ்ரிக்கர் ஒட்டுவது வேண்டாம் உறவுகளே.

எங்கள் ஊர்களின் அடுக்கு

இதுவரை சொன்னது தொழிற்சாலை பூசியது. யாழ்ப்பாணத்தில் ஓடிய வண்டிகளுக்கு இன்னும் சில அடுக்குகள் இருக்கின்றன. அவற்றை எந்தக் கம்பனியின் கைநூலிலும் காணமாட்டீர்கள்.

முதலாவது, தட்டுப்பாட்டின் அடுக்கு. 1970 முதல் 77 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தது. புது வண்டி எட்டாக்கனி. இருந்த வண்டியையே திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் எங்கள் ஊரில் இவ்வளவு காலம் ஓடியதும் அந்தப் பழக்கத்தால்தான். 1977க்குப் பிறகு யப்பான் வண்டிகள் பெருகின.

இரண்டாவது, தடையின் அடுக்கு. 1990 இல் போர் திரும்பத் தொடங்கியதும் எரிபொருள், பற்றரி, இரும்பு, சீமெந்து எல்லாம் வடக்கிற்கு வருவது தடைப்பட்டது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்காக ஒட்டிய சின்னக் குழாய், துளைத்த துளை, பற்றவைத்த தகரம், வீட்டுக் கதவுக்கு வாங்கிய எனாமல் பெயின்றைத் தூரிகையால் பூசிய மட்காட், எஞ்சின் கழிவெண்ணெய் தேய்த்துக் கறுத்த சட்டம், இவை எல்லாம் அந்த வருடங்களின் கையெழுத்து. திருத்துகிறவர் இவற்றைப் "பிழையான வேலை" என்று முதலில் கழற்றி எறிகிறார். பேர்மிங்காமில் பூசியதை மதிக்கத் தெரிந்த நாங்கள், ஆனைக்கோட்டையிலும் வேலணையிலும் ஒரு மெக்கானிக் தடைக்குள் கண்டுபிடித்ததை ஏன் மதிப்பதில்லை?

மூன்றாவது, விட்டுப்போனவர்களின் அடுக்கு. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களாகிய எங்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். வடக்கிலிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். எங்களில் பலர் இரும்புக்கடை, லொறி, தகர வேலை, கராஜ் என்று உலோகத்தோடு பிழைத்தவர்கள். கடையும் வண்டியும் கருவியும் நின்ற இடத்தில் நின்றன. நாங்கள் புத்தளத்துக்குப் போனோம்.

அல்லைப்பிட்டி மக்களுக்கும் அதே காலத்தில் அதே கதை, வேறு கைகளால். 1990இலும் 91இலும் தீவகம் இராணுவத்தின் பிடிக்குள் போனபோது அவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். திரும்பி வந்து குடியேறிய பிறகு, 2006 மே 13 ஆம் திகதி இரவு அந்தச் சிறு கிராமத்திலும் அயல் ஊர்களிலும் பிள்ளைகள் உட்பட 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் எறிகணைகள் விழுந்தன. திரும்பவும் ஊர் வெறிச்சோடியது. ஆட்கள் இல்லாத கொட்டில்களில் வண்டிகள் உப்புக்காற்றோடு தனித்து நின்றன.

யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது, எங்கள் ஆட்களில் பலருக்குக் கைக்கு எட்டிய முதல் பிழைப்பு பழைய இரும்பு. தராசில் கிலோக் கணக்கில் போனவற்றுள் இப்படி எத்தனையோ வண்டிகளும் போயின. பசித்த வயிற்றுக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் அதனால்தான் தப்பி நிற்கிற ஒன்றிரண்டுக்கு இன்று இவ்வளவு பெறுமதி. உரிமைப் புத்தகம் தொலைந்த வண்டிகள் அவை. உரிமையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாத வண்டிகள். சட்டத்தில் குத்தப்பட்ட இலக்கமும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பெயின்றும்தான் அவற்றுக்கு மிஞ்சிய சாட்சி. "இது எங்கட அப்பாவின்ர வண்டி, பச்சை நிறம்" என்று யாராவது ஒருநாள் கனடாவிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ வந்து சொன்னால், அந்தப் பச்சை எங்கேயாவது இருக்க வேண்டும்.

எப்படி வாசிப்பது, எப்படித் திருத்துவது

ஆகவே திருத்த வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. தீவகத்துக் காற்றில் ஒன்றும் செய்யாமல் விட்டால் கறள் எல்லாவற்றையும் தின்றுவிடும். வாசித்துவிட்டுத் திருத்துங்கள் என்றுதான் சொல்கிறோம்.

வண்டியைத் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்கிக் காயவிடுங்கள். பிறகு மறைவான ஓர் இடத்தில், தாங்கியின் அடியிலோ இருக்கைக்குக் கீழோ, ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு மெல்லிய எமறித்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாக, சரிவாகத் தேயுங்கள். வெட்டிய மரத்தின் வளையங்கள் போல நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். வெளி வளையம் கடைசிப் பூச்சு. நடுவில் இருப்பது முதல் பூச்சு. அதைப் படம் எடுத்து எழுதி வையுங்கள். அந்த வட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்த தூளைப் பறக்கவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

குரோமில் புள்ளிக் கறள் மட்டும் என்றால் முலாமுக்குக் கொடுக்கும் தேவையே வராது. சமையலறை அலுமினியத்தாளைக் கசக்கி நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மென்மை, ஆகவே கீறாது. கறளை மட்டும் எடுக்கும். பிறகு மெழுகு பூசுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாகப் பிசின் பிடித்துத் தூசியைச் சேர்க்கும்.

தடித்த கறளுக்குச் சலவைச் சோடாக் கரைசலும் 12 வோல்ற்று பற்றரிச் சார்ஜரும் உதவும். திருத்த வேண்டிய பாகம் மறை முனையில், கழிவு இரும்புத் துண்டு நேர் முனையில். நேர் முனையில் ஒருபோதும் எவர்சில்வர் வைக்காதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் நஞ்சாகக் கரைசலுக்குள் இறங்கும். அலுமினியப் பாகங்களை இதற்குள் போடக்கூடாது. ஐதரசன் வாயு வரும் என்பதால் வெளியில், நெருப்புக்குத் தூரத்தில் செய்யுங்கள். வில், கடின போல்ற் போன்றவற்றை அமிலத்தில் ஊறவிட்டாலும் முலாமுக்குக் கொடுத்தாலும் ஐதரசன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். முலாம் பூசிய சில மணித்தியாலத்துக்குள் ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் பல மணிநேரம் சூட்டில் வைத்தெடுத்தால்தான் அது வெளியேறும். கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். தெரியாது என்றால் அந்தப் பாகத்தை அங்கே கொடுக்காதீர்கள்.

சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் ஒருநாளும் மினுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டியை நிரூபிக்க அதைவிட வேறு வழி உங்களுக்கு இருக்காது.

கிணற்றை மறக்காதீர்கள்

கடைசியாக ஒன்று. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

பழைய முறைக் குரோம் தொட்டியில் இருப்பது ஆறு வலுவளவுக் குரோமியம். அது புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. முலாம் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகிப் போனது மருத்துவம் நன்கு பதிந்த விடயம். தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில், தோல் பதனிடும் தொழிலுக்குக் குரோமிய இரசாயனம் செய்த ஒரு தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன ஒரு லட்சம் தொன்னுக்கும் மேலான கழிவு நிலத்தடி நீரை நஞ்சாக்கியது. மூடிய பின்னும் பல ஆண்டுகள் அந்தச் சனத்துக்கு நிம்மதி இல்லை.

ஒரு சின்னக் கணக்குச் செய்து பாருங்கள். சாதாரணக் குரோம் தொட்டியின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 250 கிராம் குரோமிக் அமிலம். அதில் குரோமியம் மட்டும் 130 கிராம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வகுத்துப் பாருங்கள். தொட்டியிலிருந்து நிலத்தில் கொட்டும் ஒரே ஒரு லீற்றர், 26 லட்சம் லீற்றர் நல்ல தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும்.

எங்கள் நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதன் துவாரங்களால் இறங்கி, பாரமான உப்புநீருக்கு மேல் மெல்லிய வில்லை போல மிதந்து நிற்கிறது. தீவகத்தின் நல்ல தண்ணீர் அவ்வளவுதான். வடிகட்ட மண் இல்லை, ஒளிக்க இடமில்லை. ஆகவே வீட்டு வளவுக்குள் அமிலத் தொட்டியும் குரோம் தொட்டியும் வைத்துப் பரீட்சித்துப் பார்க்கும் யோசனை இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். முலாம் தவிர்க்க முடியாத பாகத்தை மட்டும், கழிவை முறையாகக் கையாளும் பட்டறைக்கு அனுப்புங்கள். மூன்று வலுவளவுக் குரோமியத்தால் செய்யும் முறை இப்போது இருக்கிறது. நிறம் சற்றுக் கருமை, நஞ்சு மிகக் குறைவு. நிக்கலோடு நிறுத்திக்கொண்டாலும் பழைய வண்டிக்கு அது அழகுதான், 1920களுக்கு முறையானதும் அதுதான்.

ஒரு தாங்கி மினுங்குவதற்காக ஒரு கிணறு போகக்கூடாது. ஒரு வண்டி புதிதாகத் தெரிவதற்காக அது கண்ட காலம் அழியவும் கூடாது. இரண்டுக்கும் வேண்டியது ஒரே குணம்: கையில் எமறித்தாளை எடுக்கும் முன் கொஞ்சம் பொறுமை.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வளவிலோ 1990க்கு முந்திய மோட்டார் சைக்கிள் ஏதாவது நின்றால், உரசுவதற்கு முன் அதன் படத்தையும், இருக்கைக்குக் கீழே தெரியும் நிறத்தையும் கீழே பதிவிடுங்கள். அந்த நிறத்தை நினைவு வைத்திருக்கும் ஒருவர் இந்தப் பதிவை எங்காவது இருந்து வாசிக்கக்கூடும்.